சுகாதாரப் பாடமும் ஊர்க் கிணறும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்னும் முதுமொழியை நமது பாடசாலைச் சுவர்களிற் பலகாலும் காண்கின்றோம். சுவரில் எழுதிய மொழி வீட்டு அடுக்களையிலும் கிணற்றடியிலும் வழக்கமாக மாறுவதற்கு நெடுந்தூரம் செல்லவேண்டியிருக்கிறது. அத்தூரத்தைக் கடப்பிக்கும் பணிக்கே சுகாதாரக் கல்வி என்று பெயர். நமது நாட்டின் அரசாங்கப் பாடசாலைகளில் இக்கல்வி எவ்வாறு விதிக்கப்பட்டிருக்கிறது என்பதையும், அவ்விதி புத்தளக் கரையோரத்தில் வாழும் ஒரு பிள்ளையின் வாழ்க்கையை எந்த அளவிற்குத் தொடுகிறது என்பதையும் இன்று ஆராய்வோம்.

முதலில் விதி யாது என்று பார்ப்போம். பாடசாலைச் சுகாதாரம் என்பது நான்கு கால்களில் நிற்கும் ஓர் அமைப்பு. முதற்கால் வகுப்பறைப் பாடம். ஆரம்ப வகுப்புகளில் இது தனிப்பாடமாக இராது, சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்னும் பாடத்துடன் கலந்து வருகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை ‘சுகாதாரமும் உடற்கல்வியும்’ என்ற பெயரில் எல்லா மாணாக்கரும் கற்கவேண்டிய கட்டாய பாடமாகிறது. பத்தாம், பதினோராம் வகுப்புகளில் அதுவே விருப்பப் பாடமாக மாறிவிடுகிறது. இம்மாற்றத்தின் விளைவைப் பின்னர்க் கவனிப்போம்.

இரண்டாவது கால் வைத்திய பரிசோதனை. சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பாடசாலைக்கு வந்து பிள்ளைகளின் உயரம், நிறை, கண், காது, பல், தோல், இருதயம் ஆகியவற்றைப் பார்வையிடுகின்றனர். இருநூறு அல்லது அதனிற் குறைந்த மாணாக்கரைக் கொண்ட சிறு பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் பரிசோதிக்கப்படுவர். அதற்கு மேற்பட்ட பாடசாலைகளிற் குறித்த சில வகுப்புகளின் பிள்ளைகளை மட்டுமே அழைப்பர். ஒன்று, நான்கு, ஏழு, பத்து என்பன அவ்வகுப்புகளாகும். கரும்பலகையை வாசிக்க இயலாத பிள்ளையை நாம் மந்தபுத்தியுள்ளவன் என்று தவறாக எண்ணியிருக்கக்கூடும். அவனுக்கு வேண்டியது ஒரு மூக்குக்கண்ணாடி மட்டுமே என்பது இப்பரிசோதனையினால் வெளிப்படுவதுண்டு.

மூன்றாவது கால் தடுப்பூசியும் மருந்தும். ஏழாம் வகுப்பில் ஏற்பு வலிக்கும் தொண்டைக்கரப்பானுக்கும் எதிரான ஊசி ஏற்றப்படுகிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 2017ஆம் ஆண்டு தொடக்கம் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கிடைத்து வருகிறது. பூச்சி மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் பாடசாலையிலேயே வழங்கப்படுகின்றன. நான்காவது கால் பாடசாலையின் சூழல். குடிநீர், மலசலகூடம், சிற்றுண்டிச்சாலை, குப்பை அகற்றல் ஆகியவற்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆய்ந்து அறிக்கை இடவேண்டும்.

இந்த ஏற்பாடு ஒருநாளில் உண்டானதன்று. 1916ஆம் ஆண்டில் றொக்பெல்லர் தாபனத்தின் துணையோடு இலங்கையிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் ஆரம்பித்தது. மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றினர். ஆயினும் மலசலகூடம் இல்லாத இடத்தில், வெறுங்காலோடு நடப்பவரின் உடலிற் புழு மீண்டும் புகுந்தது. மருந்து மட்டும் போதாது, பழக்கமும் சூழலும் மாறவேண்டும் என்ற பாடத்தை அவ்வியக்கம் நமக்குத் தந்தது. 1926இற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியபோது, வைத்தியரும் பரிசோதகரும் மருத்துவமாதும் நோயாளியை எதிர்பார்த்து ஆசுபத்திரியில் இருந்துவிடாமல் ஊருக்குள்ளும் பாடசாலைக்குள்ளும் செல்லும் முறை உருவாயிற்று. 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததும், ஏழை எளியவரின் பிள்ளைகளும் அம்முறையின் எல்லைக்குள் வந்து சேர்ந்தனர்.

பாடநூல் நாடு முழுவதற்கும் ஒன்றே. நுவரெலியாவின் குளிரிலே படிக்கும் பிள்ளையும் உடப்பின் கடற்காற்றிலே படிக்கும் பிள்ளையும் அதே அதிகாரத்தையே வாசிக்கின்றனர். பொதுநூல் என்ற அளவில் அது பொருத்தமே. ஆனால் நோய் பொதுநூலைப் பார்த்து வருவதில்லை. அந்தந்த ஊரின் நீரையும் மண்ணையும் தொழிலையும் பார்த்தே வருகிறது. புத்தளக் கரையோரத்தின் நீர், உப்பு, நுளம்பு ஆகிய மூன்றையும் எடுத்து நோக்கினால் இவ்வுண்மை நன்கு விளங்கும்.

கற்பிட்டிக் குடாநாட்டிற்கு மேற்கே இந்து சமுத்திரம், கிழக்கே புத்தளக் களப்பு. இடையே கிடப்பது மணல் நிலம். ஆறு எதுவும் அதனூடே பாய்வதில்லை. பெய்கின்ற மழைநீர் மணலினூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கிறது. நன்னீர் உவர்நீரிலும் இலேசானது என்பதால் இது இயல்கிறது. சில அடி ஆழத்திலேயே நல்ல நீர் கிடைப்பது இக்குடாநாட்டிற்கு இயற்கை அளித்த கொடை. அந்நீரைக் கொண்டே இங்குள்ள கமக்காரர் வெங்காயமும் மிளகாயும் காய்கறியும் விளைவித்து நாட்டின் சந்தைகளுக்கு அனுப்புகின்றனர்.

அக்கொடைக்குள்ளே ஓர் ஆபத்தும் இருக்கிறது. மணல் பசளையைப் பற்றி வைத்திருக்கும் தன்மை உடையதன்று. பயிருக்கு இட்ட இரசாயனப் பசளையின் ஒரு பகுதி நீரோடு இறங்கி நைத்திரேற்று என்னும் உப்பாகக் கிணற்றைச் சேர்கிறது. கிணற்றுக்கு அண்மையிலுள்ள மலக்குழியிலிருந்தும் இதே பொருள் ஊறி வருகிறது. உலக சுகாதாரத் தாபனம் குடிநீருக்கு வகுத்துள்ள எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. கற்பிட்டிப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அளவு இவ்வெல்லையைக் கடந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கின்றனர்.

வளர்ந்தவரிலும் பார்க்கச் சிறு குழந்தைக்கே இதனால் உடனடி அபாயம். ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தையின் உடலில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இரத்தத்திலுள்ள செந்நிறப் பொருளைக் கெடுக்கிறது. கெட்ட இரத்தம் பிராணவாயுவைச் சுமக்காது. குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும்; கவனியாதுவிடின் உயிருக்கே ஆபத்து நேரும். 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கொம்லி என்ற வைத்தியர், கமப்பகுதிக் கிணற்று நீரிற் பால்மா கரைத்துப் புகட்டப்பட்ட குழந்தைகளிடத்தில் இந்நோயைக் கண்டு முதன்முதலாக விளக்கி எழுதினார். அயோவாவின் கமக்காரருக்கும் ஏத்தாளையின் கமக்காரருக்கும் மொழியிலும் பயிரிலும் ஒற்றுமை இல்லை. கிணற்றின் இரசாயனம் இருவருக்கும் ஒன்றுதான்.

இங்கேதான் பொதுப்பாடம் பிழைபடும் இடம் வருகிறது. ‘நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுப் பருகுக’ என்று எல்லாப் பாடநூல்களும் கூறுகின்றன. கிருமிகளைப் பொறுத்தவரை அது முற்றிலும் சரியான அறிவுரை. வாந்திபேதியும் நெருப்புக்காய்ச்சலும் அதனால் தடுக்கப்படும். ஆனால் கொதிக்கவைப்பதால் நைத்திரேற்று அழிவதில்லை. நீர் ஆவியாகிக் குறையும்போது அதன் செறிவு சற்றுக் கூடவுஞ்செய்யும். துணியில் வடிப்பதாலும் பயனில்லை. இதனை அறியாத தாய், கொதித்தாறிய நீர்தானே என்ற நம்பிக்கையோடு குழந்தைக்குப் பால்மா கரைப்பாள். அவள் பாடசாலையிற் கற்ற நல்ல பாடமே அவளுக்குப் பொய்யான தைரியத்தைக் கொடுத்துவிடுகிறது. கற்பிட்டியிற் சுகாதாரம் கற்பிக்கும் ஆசிரியர், கொதிநீர்ப் பாடத்தோடு இரண்டு வாக்கியங்களைச் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும், நீருங்கூட, குழந்தைக்கு வேண்டியதில்லை என்பது ஒன்று. பரிசோதிக்கப்படாத கிணற்று நீரைக் கைக்குழந்தையின் உணவிற் கலக்கலாகாது என்பது மற்றொன்று. புதிதாய்ப் பிறந்த தம்பியோ தங்கையோ வீட்டில் உள்ள பதின்மூன்று வயதுப் பிள்ளை இவ்விரு வாக்கியங்களையும் வீட்டிற்குக் கொண்டுசென்றால், அந்த ஆண்டின் பாடம் முழுவதும் பயன்பெற்றதாகும்.

அடுத்தது உப்பு. புத்தளத்து உப்பளங்களில் வெயிற்காலத்தில் விளையும் உப்பு நாட்டின் பல பாகங்களுக்கும் செல்கிறது. கடலருகே வாழ்வோர்க்கு அயடீன் குறைவு ஏற்படாது என்றும், கடலுப்பிலேயே அது நிறைய உண்டு என்றும் பலர் எண்ணுகின்றனர். கடல்மீனில் அயடீன் உண்டு என்பது மெய். ஆனால் கடல்நீரை வற்றவைத்து எடுக்கும் சாதாரண உப்பில் அது மிகச் சொற்பமே. அயடீன் குறைந்தால் கழுத்தின் முன்புறத்திற் கழலை தோன்றும். அதனினும் கொடியது, தாயின் உடலில் இக்குறை இருந்தால் வயிற்றிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சி தடைப்படுவது. சுவிற்சர்லாந்து 1922இலேயே உப்பில் அயடீன் சேர்த்து இந்நோயை எதிர்க்கத் தொடங்கியது. நமது நாட்டில் மனிதர் உண்ணும் உப்பு யாவற்றிலும் அயடீன் சேர்க்கவேண்டும் என்ற சட்டவிதி 1995இற் பிறந்தது.

சட்டம் தொழிற்சாலை வாயில்வரை செல்லும், அடுக்களைக்குள் நுழையாது. உப்பளத்தின் அயலில் இருப்போர், உப்பளத்திலிருந்து நேரே கிடைக்கும் கட்டியுப்பைப் பயன்படுத்துவது இயல்பு. அதில் அயடீன் சேர்ந்திராது. அயடீன் சேர்த்த உப்பை வாங்கினாலும், மூடியற்ற பாத்திரத்தில் ஈரம்பட வைத்தால் அதன் சத்து குன்றும். கறி கொதிக்குமுன் இடுவதிலும் இறக்குந்தறுவாயில் இடுவது மேல். இவையும் ஒரு வகுப்பில் ஒருமணி நேரத்திற் கற்பிக்கக்கூடியவையே. அதனோடு, கருவாடும் உப்பிட்ட உணவும் தாராளமாக உண்ணும் கரையோரத்தாருக்கு மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்து கிராமிற்குக் குறைவாகவே, அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்கு உட்பட்ட அளவே, உப்பு உட்கொள்ளலாம் என்பது உலக சுகாதாரத் தாபனத்தின் அறிவுரை. மிகுந்தால் இரத்த அழுத்தம் ஏறும். உப்பு அயடீன் சேர்ந்ததாயும் இருத்தல் வேண்டும், அளவிற் குறைந்ததாயும் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது நுளம்பு. சிலாபத்தருகே கடலிற் கலக்கும் தெதுறு ஓயாவின் பெயரை மலேரியாவின் வரலாற்றிலிருந்து பிரிக்கமுடியாது. 1934இல் மழை பொய்த்து ஆறுகள் வற்றியபோது, மணற்படுகைக் குழிகளிலே தெளிந்த நீர் தேங்கி நின்றது. மலேரியாவைக் காவும் நுளம்பு விரும்பி முட்டையிடுவது அத்தகைய நீரிலேதான். 1934–35இல் மூண்ட அக்கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். பின்னர் டி.டி.ரி. மருந்து தெளிக்கப்பட்டு நோய் வேகமாகக் குன்றியது. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் அறியப்பட்ட நோயாளர் பதினேழு பேர் மாத்திரமே. பகை ஒழிந்தது என்று எல்லோரும் ஆறுதலடைந்தனர். தெளிப்பு வேலையும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969இல் நோயாளரின் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்துவிட்டது. பதினேழு ஐந்து இலட்சமாவதற்கு ஆறு ஆண்டுகளே சென்றன.

மீண்டும் பல்லாண்டு போராடி, உள்நாட்டிலே தொற்றிய கடைசி மலேரியா நோயாளியை 2012இற் கண்டோம். 2016 செப்தெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதாரத் தாபனம் சான்றளித்தது. பெருமைப்படவேண்டிய வெற்றி இது. ஆயினும் அதே 2016இன் இறுதியில், கடலோரமாய் வடக்கே இருக்கும் மன்னாரில், முன்னர் இந்நாட்டில் இராத மலேரியா நுளம்பு இனமொன்று கண்டுபிடிக்கப்பட்டது. கிணறு, நீர்த்தொட்டி முதலிய இடங்களிலே பெருகும் வல்லமையுடையது அது. மலேரியா உள்ள நாட்டிலிருந்து காய்ச்சலோடு திரும்பும் ஒருவரும் அந்நுளம்பும் ஓரிடத்தில் சந்திப்பின் பழைய கதை மீளக்கூடும். 2012இற்குப் பின் பிறந்த பிள்ளைகள் மலேரியா நோயாளி ஒருவரைக் கண்டறியாதவர்கள். அவர்களுக்கு அந்நோய் வரலாற்றுப் பாடம் போலத் தோன்றும். 1963ஐயும் 1969ஐயும் அவர்களுக்குச் சொல்லிக்கொடாவிட்டால், கிணற்றுக்கு வலை மூடும்படி கேட்க வரும் உத்தியோகத்தரை அவர்கள் ஏன் வந்தார் என்றே பார்ப்பார்கள்.

நீர், உப்பு, நுளம்பு ஆகியவற்றோடு கரையோரத்தின் குடிப்பெயர்வையும் ஆசிரியர் மனத்திற்கொள்ளவேண்டும். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பகுதியினர் புத்தள மாவட்டத்திலேயே வந்து தங்கினர். திடீரென ஒரு கிணற்றைப் பல குடும்பங்களும், ஒரு மலசலகூடத்தைப் பலரும் பகிரவேண்டி நேர்ந்தது. பாடசாலைகளும் இடநெருக்கடியை ஏற்றுக்கொண்டன. இதனோடு, பருவத்துக்குப் பருவம் வேறு கரைகளுக்குச் சென்று வாடி அமைத்துத் தொழில்புரியும் மீனவர் குடும்பங்களும் இப்பகுதியில் உண்டு. பெற்றோருடன் பிள்ளையும் சென்றுவிட்டால், வைத்திய பரிசோதனை நாளில் அப்பிள்ளையின் பெயருக்கு எதிரே வெற்றிடமே இருக்கும். தவறிய ஊசியை வேறெங்காவது ஏற்றிக்கொள்ள அப்பிள்ளையின் சுகாதார அட்டை கையோடு செல்லவேண்டும். இதைப் பெற்றோரிடம் வலியுறுத்த வகுப்பாசிரியரைவிடப் பொருத்தமானவர் இலர்.

இனி, முன்னர் ஒத்திவைத்த கேள்விக்கு வருவோம். 2016ஆம் ஆண்டு தொடக்கம் ஐந்து வயதிலிருந்து பதினாறு வயதுவரை பிள்ளைகள் கல்வி கற்கவேண்டும் என்பது சட்டம். ஆனால் சுகாதாரப் பாடத்தின் கட்டாயம் ஒன்பதாம் வகுப்போடு, ஏறக்குறையப் பதினான்கு வயதில், முடிந்துவிடுகிறது. அதன்பின் இரண்டாண்டுகள் பிள்ளை சட்டப்படி பாடசாலையிலே இருக்கிறான். சுகாதாரத்தைக் கற்பதும் விடுவதும் அவன் விருப்பம். விஞ்ஞான பாடத்தில் மனித உடலைப்பற்றிச் சில அதிகாரங்கள் உண்டென்பது மெய்யே. என்றாலும் இரத்த ஓட்டத்தின் படத்தை வரைவது வேறு. பதினைந்து வயதில் ஒருவன் நீட்டும் சுருட்டையோ போதைப்பொருளையோ மறுக்கக் கற்பது வேறு. உடலும் மனமும் மாறும் வயதும், தவறான நட்பு வாய்க்கும் வயதும், சில பெண் பிள்ளைகளுக்குத் திருமணப் பேச்சு எழும் வயதும் அதுவே. பாடம் மிக வேண்டியிருக்கும் காலத்தில் பாடம் விலகிப்போகிறது.

ஒன்பதாம் வகுப்பிற்குள்ளும் குறை இல்லாமல் இல்லை. பரீட்சையிற் பெரிதாக எண்ணப்படாத பாடத்தின் நேரத்தைக் கணித மீட்டலுக்கு வழங்கிவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. விளையாட்டுப் போட்டிக் காலத்தில் சுகாதாரப் பகுதி மறைந்து உடற்கல்வி மாத்திரம் எஞ்சும். பூப்பெய்துதல் பற்றிய அதிகாரத்தை ‘வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்’ என்று கூறிக் கடக்கும் ஆசிரியரும் இருக்கின்றனர். அப்பக்கத்தை வீட்டில் விளக்குவார் யார்? அறியாமையால் அஞ்சும் பிள்ளை, அறிந்தவர்போல் நடிக்கும் தோழரிடமே கேட்டுக்கொள்ளும். பெண் பிள்ளைகளுக்குப் பெண் ஆசிரியர், குடும்பநல மருத்துவமாது ஆகியோரைக் கொண்டு கண்ணியமாகக் கற்பிப்பதை எந்தச் சமயமும் தடுப்பதில்லை. தாழ்ப்பாளும் நீரும் உள்ள மலசலகூடம் இல்லாத பாடசாலையில் அப்பாடம் எவ்வளவு சிறப்பாக நடந்தாலும், மாதத்திற் சில நாட்கள் பெண் பிள்ளைகள் வீட்டிலேயே நின்றுவிட நேரும் என்பதையும் மறத்தலாகாது.

செய்யத்தக்கவை பெருஞ்செலவு வேண்டுவனவல்ல. ஒவ்வொரு பாடசாலையின் சுகாதாரக் கழகமும் தன் ஊரின் கிணறுகளைக் குறித்த ஒரு படம் வரையட்டும். எக்கிணறு தோட்டத்தின் நடுவே உள்ளது, எது மலக்குழிக்கு அருகே உள்ளது, எதற்கு மதிலும் வலையும் உண்டு என்று அதிற் குறிக்கட்டும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே ஐம்பது அடியேனும் வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. மணல் நிலத்தில் அதனிலும் கூடிய தூரம் நன்று. அப்படத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டி, பாடசாலைக் கிணற்று நீரையேனும் இரசாயன ஆய்வுக்கு அனுப்பும்படி அதிபர் கேட்கலாம். பிள்ளைகள் வீட்டிலிருந்து ஒரு சிட்டிகை உப்புக் கொண்டுவர, சோதனைத் திரவத்தை ஒரு துளி விட்டு நிறம் மாறுகிறதா என்று வகுப்பிலேயே பார்க்கலாம். தன் வீட்டு உப்பு நிறம் மாறாததைக் கண்ட பிள்ளை அன்று மாலையே தாயிடம் காரணம் கேட்கும். நூறு பக்கம் வாசித்தாலும் பிறவாத கேள்வி அது.

பத்தாம், பதினோராம் வகுப்புகளைப் பொறுத்தவரை, விருப்பப் பாடம் விருப்பப் பாடமாகவே இருக்கட்டும். பரீட்சை ஏதும் இன்றி, வாரத்தில் ஒரு பாடவேளையை எல்லா மாணாக்கருக்கும் சுகாதாரத்துக்கென ஒதுக்குவதை அதிபர்களும் பெற்றோர் சங்கங்களும் சேர்ந்து ஆலோசிக்கலாம். பதினாறு வயதிற் பாடசாலையை விட்டுப் படகேறுபவனும், தோட்டத்துக்குப் போகிறவனும், சில ஆண்டுகளில் தாயாகப் போகிறவளும் அவ்வகுப்புகளிலேதான் நம் கைக்கு எட்டும் தூரத்தில் கடைசியாக அமர்ந்திருக்கின்றனர்.

பெற்றோராகிய நேயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இவ்வாரம் உங்கள் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தை எடுத்து ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வைத்திய பரிசோதனையில் ஏதேனும் குறை கண்டு ஆசுபத்திரிக்குப் போகும்படி துண்டு எழுதிக் கொடுத்திருந்தால், அத்துண்டு பையின் அடியிற் கிடந்து மங்க விடாதீர்கள். பாடசாலை காட்டிய வழியில் மீதித் தூரத்தைப் பிள்ளையின் கைபிடித்து நடக்கவேண்டியவர்கள் நீங்களே.